கப்பல் கண்ட துறையும் காணாத கரையும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



2023 ஆம் ஆண்டு சூன் திங்கள் 5 ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. ஒன்றிய அமைச்சர் கொடியசைத்து வழியனுப்பினார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டு மீள்வது அப்பயணத்தின் திட்டம். அதற்கு முந்திய ஆண்டு சூன் திங்களில் இதே கப்பலின் சென்னைப் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்திருந்தார். பாட்டன் பாட்டி முதல் பேரப் பிள்ளைகள் வரை குடும்பமே ஏறலாம். குளிரூட்டிய அறையில் உறங்கலாம். வேளை தவறாமல் உணவுக்கூடத்தில் விருந்துண்ணலாம். கப்பல் நிற்கும் ஊர்களில் காலையில் கரையிறங்கிக் கண்டு களித்து, மாலையில் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். சேருமிடம் என்று ஒன்று இல்லாத பயணம் இது. புறப்பட்ட துறைக்கே திரும்பி வருவதுதான் இதன் இலக்கணம்.

குடும்பத்தோடு கடலைக் கண்டு மகிழ்வது குற்றமன்று. உழைத்துச் சேர்த்த பொருளில் ஒரு பகுதியைப் பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் இன்பம் தரச் செலவிடுவது பண்பே ஆகும். எனினும், இதே துறையிலிருந்து வேறு வகைக் கப்பல்களும் வேறு வகைப் பயணிகளும் சென்றதுண்டு. அவர்களை மறந்துவிட்டு இவர்களை மட்டும் வாழ்த்துதல் ஓர் இலக்கிய மன்றத்துக்கு அழகாகுமா என்பதே இவ்வுரை எழுப்பும் வினா.

மத்தியதரைக் கடலில் பிறந்த வழக்கம்

உல்லாசக் கப்பற் பயணம் என்னும் வழக்கத்தைத் தொட்டில் கட்டி வளர்த்தது மத்தியதரைக் கடல். 1867 இல் நியூயார்க்கிலிருந்து ‘குவேக்கர் சிட்டி’ என்னும் கப்பல் அக்கடலுக்குச் சென்றது. அதில் பயணம் செய்த மார்க் டுவைன் தம் பட்டறிவை நகைச்சுவை ததும்பும் நூலாக்கி 1869 இல் வெளியிட்டார். இன்றைய முறையிலான உல்லாசப் பயணத்தின் தொடக்கமாக 1891 ஆம் ஆண்டைக் குறிப்பர். செருமனியின் ஹாம்பர்க்–அமெரிக்கக் கப்பல் நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலில் போதிய பயணிகள் கிடைக்காததால், ‘அகஸ்டா விக்டோரியா’ என்னும் கப்பலை வீணே நிறுத்தி வைக்காமல் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். விருந்தும் இசையும் கரையுலாவும் கொண்ட அப்பயணம் ஏறத்தாழ இரண்டு திங்கள் நீடித்தது.

இங்கு ஒன்று கருதத் தக்கது. அந்நிறுவனத்தின் பெருஞ்செல்வம் உல்லாசப் பயணிகளால் மட்டும் வந்ததன்று. ஐரோப்பாவில் வாழ வழியின்றி அமெரிக்கா நோக்கிச் சென்ற ஏழைக் குடியேறிகள், கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்துக் கொண்டு செலுத்திய கட்டணமும் அச்செல்வத்தில் பெரும்பங்கு வகித்தது. ஒரே நிறுவனம், ஒரே கடல், ஆயினும் பயணிகள் இருவகையினர். ஹாம்பர்க் நகரம் அதனை மறக்கவில்லை. குடியேறிகள் தங்கியிருந்த கூடங்கள் நின்ற இடத்தில் 2007 இல் ஓர் அருங்காட்சியகத்தை அமைத்து, அம்மக்களின் கதையை அது பேணி வருகிறது.

கரையுலாவுக்கும் ஓர் இயல்பு உண்டு. கப்பல் சிவிட்டாவெக்கியாவில் நிற்கும். பயணிகளோ உரோமாபுரிக்குச் செல்வர். லிவோர்னோவில் நிற்கும், பயணிகள் புளோரன்சுக்கும் பைசாவுக்கும் செல்வர். துறைமுக ஊர் வெறும் வாயிற்படி. அதன்மேல் கால் வைப்பாரேயன்றிக் கண் வைப்பார் இலர். சென்னையிலும் இஃதே நிகழ்கிறது. கப்பலில் வந்திறங்கும் அயல்நாட்டார் தெற்கே மாமல்லபுரத்துக்கும் மேற்கே காஞ்சிபுரத்துக்கும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். அவை காணத் தக்கவையே. ஆயினும் துறைமுக மதிலை ஒட்டி வடக்கே கிடக்கும் இராயபுரம் அந்நிரலில் இடம்பெறுவது அரிது.

காணாத கரையில் இருப்பவை

இராயபுரத்தில் என்ன இருக்கிறது? 1856 ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி புறப்பட்ட நிலையம் இருக்கிறது. படகோட்டும் குடியினர் எழுப்பிய இராயப்பர் தேவாலயம் இருக்கிறது. அப்புனிதரின் பெயரே ஊர்ப்பெயராயிற்று என்பர். இன்னும் வடக்கே சென்றால் திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் அடங்கிய இடம் இருக்கிறது. பூம்புகாரில் கடல் வணிகம் செய்த குடியில் தோன்றியவர் அவர் என்பது மரபு. கப்பலேறிச் சென்று மீண்ட மகன் விட்டுச் சென்ற பேழைக்குள் காதற்ற ஊசியைக் கண்டு அவர் துறவு பூண்டார் என்பது வழிவழிக் கதை. கடலால் செல்வம் பெற்றவர், அச்செல்வத்தின் நிலையாமையை உணர்ந்து இறுதியில் வந்து சேர்ந்த துறை திருவொற்றியூர். கரையுலாவுக்கு இதனினும் பொருள் பொதிந்த இடம் வேறு உண்டோ?

துறைமுகம் தோன்றுமுன் சென்னையில் கப்பல்கள் கரையை அணுக முடியாது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணியையும் பொதியையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி ஒன்றும் அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து அமைத்த படகுகள் அவை. அலை மோதும்போது அவை வளைந்து கொடுக்கும், உடையமாட்டா. ஆளுநராயினும் படைத்தலைவராயினும் அப்படகோட்டியின் கைத்திறத்தை நம்பியே இம்மண்ணை மிதித்தனர். 1861 இல் இரும்புப் பாலத்துறை அமைந்தது. 1875 இல் அலைதடுப்புச் சுவர்களுக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1881 ஆம் ஆண்டுப் புயல் அவ்வேலையைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் துறைமுக வாயில் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றப்பெற்றது. படகோட்டியின் தேவை சிறிது சிறிதாகக் குறைந்தது.

தெற்கே மணல், வடக்கே கல்

துறைமுகம் வந்ததால் கரையே மாறியது. இக்கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அதனைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து பரந்த கடற்கரை ஆயிற்று. 1884 இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து, தாம் சிசிலித் தீவில் கண்ட கடற்கரையின் நினைவாக அதற்கு ‘மெரினா’ என்று பெயரிட்டார். மத்தியதரைக் கடலின் பெயர் ஒன்று சென்னைக்கு வந்து சேர்ந்த வரலாறு இதுதான்.

தெற்குக்கு மெரினா கிடைத்தது. வடக்குக்கு என்ன கிடைத்தது? வந்து சேரவேண்டிய மணல் வாராமையால் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. வலை உலர்த்திய மணலும், கட்டுமரம் ஏற்றிய இடமும், வீடுகளும் கடலுக்குள் சென்றன. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன. தென்சென்னைக் குழந்தை மணலில் வீடு கட்டி விளையாடுகிறது. வடசென்னைக் குழந்தை பெரும்பாலும் கல்லின்மேல் நின்று கடலைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே சுவரின் விளைவு. ஒரு பக்கத்தின் இன்பத்துக்கு மறுபக்கம் விலை கொடுத்தது என்பதை மெரினாவில் உலவுவோருள் எத்தனை பேர் அறிவர்?

பாய் விரித்த பயணிகள்

இனி, இத்துறையிலிருந்து சென்ற மற்றொரு கப்பலைக் காண்போர் ‘ரஜூலா’வைக் காண்பர். 1926 இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற இக்கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குச் சென்றது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. மக்கள் வழக்கில் ‘டெக்’ பயணிகள் எனப்பட்ட இவர்களுக்கு அறை இல்லை. தளத்தில் பாய் விரித்த இடமே அறை. டிரங்குப் பெட்டியே சுவர். மேலே கட்டிய கித்தான் துணியே கூரை. குடும்பம் குடும்பமாகச் சென்றோரும் உண்டு. தாய் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டியதும், கடல் கொந்தளிக்கும்போது புளியையோ ஊறுகாயையோ நாவில் தடவிக் குமட்டலை அடக்கியதும் அத்தளத்தின் மீதுதான். அதுவே அவர்தம் உணவுக்கூடம்.

அவர்களுக்கும் ஒரு கரையுலா இருந்தது. பினாங்கை அடைந்ததும் தொற்றுநோய் அச்சத்தால் மேல்தளப் பயணிகள் பலர் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இருந்த தடுப்பு முகாம்களில் இறக்கப்பட்டனர். அவ்வாறு கண்ட தீவே அயல்நாட்டில் அவர்கள் கண்ட முதற்காட்சி. 1907 இல் மலாயாவில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் தண்டிய பணத்தால் தொழிலாளர்க்குக் கப்பற் செலவை ஈடு செய்தது. கட்டணமின்றி ஏற்றிச் சென்ற அக்கப்பல், இரப்பர்த் தோட்டத்தின் வாயிலில் கொண்டுபோய் விட்டது. 1938 இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயா செல்வதைத் தடை செய்தது. புறப்பட்ட துறைக்கே திரும்புவது உல்லாசப் பயணத்தின் இலக்கணம் என்றால், புறப்பட்ட துறைக்குத் திரும்ப இயலாமற் போனமையே இவருட் பலரின் வாழ்க்கை ஆயிற்று.

‘ரஜூலா’ 1973 இல் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டு உடைக்கப்பெற்றது. 1972 இல் பிரெஞ்சுக் கப்பலாகிய ‘பாஸ்தர்’ வாங்கப்பெற்று ‘சிதம்பரம்’ என்னும் பெயருடன் இவ்வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் நடுக்கடலில் அதில் தீப்பற்றியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்கப்பல் அதன்பின் பயணிகளை ஏற்றவில்லை. ‘சிதம்பரம்’ பிரான்சின் டன்கர்க்கில் கட்டப்பெற்றது. ‘எம்பிரஸ்’ அதே நாட்டின் சேன்நசேரில் 1990 இல் கட்டப்பெற்றது. இரண்டும் ஒரு நாட்டுத் தச்சர் கைவினை. ஒன்று பிழைக்கப் போவோரையும், மற்றொன்று களிக்கப் போவோரையும் சென்னையில் ஏற்றிக்கொண்டது.

எழுதியவையும் எழுதாதவையும்

தமிழில் கப்பற் பயணத்துக்கு இலக்கியம் இல்லாமல் இல்லை. அ. க. செட்டியார் ‘உலகம் சுற்றும் தமிழன்’ ஆனார். 1937 அக்டோபர் 2 ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில்தான் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ தென்கிழக்காசியக் கடலையும் அங்கு வாழ்ந்த தமிழரையும் நாவலுக்குள் கொணர்ந்தது. இவை பெருமைக்குரியவை. ஆயினும் எழுதத் தெரிந்தவர் பயணமே பெரிதும் நூலாயிற்று. பாய் விரித்துச் சென்றவரின் பயணம் பெட்டியின் அடியிலும் பேச்சிலும் தங்கிவிட்டது.

எண்ணூரின் கதையும் இவ்வாறே. 1806 இல் வெட்டப்பெற்ற காக்ரேன் கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியானது. அது சென்னையை எண்ணூரோடு இணைத்தது. அக்காலத்தில் வெள்ளையர் படகேறி ஓய்வுக்குச் சென்ற இடம் எண்ணூர். உல்லாசப் படகுலா வடசென்னைக்குப் புதிதன்று. பின்னர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் அக்கழிமுகத்தில் படிந்தது. 2001 இல் நிலக்கரி இறக்கப் புதிய துறைமுகம் திறக்கப்பெற்றது. 2017 சனவரியில் அத்துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அதனைக் கரையில் நின்றோர் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியபோதும் அள்ளுவதற்கு மீனவரின் கைகளே முன்வந்தன. அவற்றை அருகிருந்து கண்டவர் இவ்வவையிலேயே இருக்கக் கூடும்.

மன்றம் செய்யத் தக்கவை

பத்தாண்டு நிறைவு கண்ட இம்மன்றம் அடுத்த பத்தாண்டில் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, ‘ரஜூலா’விலும் ‘சிதம்பர’த்திலும் சென்று வந்தோர் சொல்வதைக் கேட்டு எழுதுதல். கைக்குழந்தையாக ‘சிதம்பர’த்தின் கடைசிப் பயணங்களில் சென்றவர்க்கே இன்று நாற்பது வயது கடந்துவிட்டது, விவரம் தெரிந்து சென்றவர்கள் முதுமை எய்திவிட்டனர். காலம் தாழ்த்தல் ஆகாது. இரண்டாவது, பரணில் கிடக்கும் பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, மடல், ஒளிப்படம் ஆகியவற்றைப் படியெடுத்துப் பேணுதல். மூன்றாவது, இராயபுரம் புகைவண்டி நிலையத்தில் தொடங்கி, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் வழியாகப் பட்டினத்தார் கோயில் வரை ஆண்டுக்கொரு முறை மாணவர்களை அழைத்துச் செல்லும் கரையுலா ஒன்றை நடத்துதல். இதற்குக் கப்பல் வேண்டா. காலையில் புறப்படும் ஒரு பேருந்து போதும்.

உல்லாசக் கப்பல்கள் இத்துறைக்கு மேன்மேலும் வரட்டும். அவற்றில் வடசென்னைக் குடும்பங்களும் மகிழ்ந்து ஏறட்டும். மேல்தளத்தில் நின்று கரையை நோக்கும் பிள்ளை, “அதோ கருங்கல் குவிந்திருக்கிறதே, அது எந்த ஊர்?” என்று கேட்குமாயின், அருகில் நிற்கும் தாயோ தந்தையோ விடை சொல்ல வேண்டும். அவ்விடையை எழுதி வைக்கும் கடமை இம்மன்றத்துக்கு உரியது.