கடல்மட்டமும் கணினி மொழியும்

மட்டாஞ்சேரிக்கு எதிரேயுள்ள வில்லிங்டன் தீவில் 1939 முதற்கொண்டு அளக்கப்பெற்ற கடல்மட்டத்தின் மாதச் சராசரிகளை, லிவர்பூலிலுள்ள நிரந்தரக் கடல்மட்டப் பணியகம் மில்லிமீட்டர்க் கணக்கில் யாவர்க்கும் இலவசமாக வழங்குகின்றது. 1991இல் வெளிவந்த பைத்தான் என்னும் கணினி மொழியைப் பயில்வோர்க்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ? பத்து வரிகளில் பட்டியலைப் படமாக வரைந்துவிடலாம்.

நாம் முதன்முறை வரைந்தபோது, கடல் சில மாதங்களில் நூறு மீட்டர் தாழ்ந்து கிடந்தது! அளவு கிடைக்காத மாதத்திற்கு -99999 என்று குறிப்பது அப்பட்டியலின் வழக்கம். கணினியோ அதனை மெய்யளவாகவே கொண்டது. படம் காட்டிக்கொடுத்தது; சராசரியை மட்டும் கேட்டிருப்பின் ஏமாந்தே இருப்போம். இங்கே கடல் உயர்வது ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டரே. ஓதநீர் வீட்டு முற்றத்தில் ஏறும் ஊரில் அச்சிறு அளவும் பெரிதன்றோ? ஒரே வரியில் அவ்வெண்ணை வெற்றிடமென அறிவித்தோம். ஆண்டுதோறும் ஏறியிறங்கியவாறே கோடு மெல்ல மேல்நோக்கி நகர்ந்தது.