உடற்கூற்றுக் கல்வியும் உடற்கொடையும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மகிழ்ச்சிக்குரிய நாளில் பிணத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. 2008ஆம் ஆண்டில் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2020ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. நம் தெருப் பிள்ளைகளும் மருத்துவம் பயிலச் செல்கின்றனர். அங்கே முதலாண்டில் அவர்களுக்கு முதல் நூல், இறந்தவர் உடலே.

அச்சிட்ட படத்தில் தமனி சிவப்பாகவும், சிரை நீலமாகவும், நரம்பு மஞ்சளாகவும் இருக்கும். உடலில் அவ்வாறு நிறம் பிரிந்து கிடப்பதில்லை. ஒருவர்க்குக் கிளைத்த இடத்திலேயே மற்றவர்க்கும் கிளைப்பதில்லை. தொட்டுப் பிரித்து அறிந்தவனே உயிருள்ள உடலில் கத்தி வைக்கத் தகுந்தவன். பண்டைய மருத்துவர் காலன் விலங்குகளை அறுத்து எழுதியதை உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பிற்று. மனித உடலையே ஆராய்ந்த வெசாலியசு, 1543இல் அவற்றுள் பல பிழையெனக் காட்டினார்.

நம் நாட்டிலோ, பிணம் தீட்டு என்னும் எண்ணம் இக்கல்வியைத் தடுத்தது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா கத்தியை எடுத்தபோது அத்தடை உடைந்தது. அது துணிச்சலான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பிணம் தொட்டனர், குழி வெட்டினர், பறையறைந்தனர். அவர்கள் பெற்றது புகழன்று. தீட்டு என்ற பெயரே.

இனி, மேசைமீது கிடந்தவர் யார் என்று கேட்போம். 1828இல் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை விற்றனர். அதன்பின் 1832இல் இங்கிலாந்தில் வந்த சட்டம், ஏழையர் விடுதியில் இறந்து உரிமை கோருவாரற்ற உடல்களைக் கல்விக்கு அளித்தது. நம் மாநிலத்தின் 1951ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமை கோரப்படாத உடல்களைக் கல்விக்குத் தருகிறது. உரிமை கோர ஆளின்றிச் சாகிறவன் யார்? பெரும்பாலும் ஏழையே.

நம்மிடம் பயின்று மருத்துவம் சேர்ந்த மாணவன் ஒருவன் பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தான். "ஐயா, முதல்நாள் அந்தக் கையைத் தொட்டேன். உள்ளங்கை முழுதும் காய்ப்பு. முன்கையில் ஒரு பெண்ணின் பெயர் பச்சை குத்தியிருந்தது. எங்கள் அப்பாவின் கைபோலவே இருந்தது" என்றான். அவன் தந்தை பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். நாம் மறுமொழி கூற இயலாது நின்றோம்.

அந்த இரவுதான் நாமும் நம் துணைவியாரும் ஒரு முடிவுக்கு வந்தோம். உடற்கொடைப் படிவத்தில் கையொப்பமிட்டோம். செய்தி கேட்ட தம்பி கொதித்தான்: "அண்ணா, உயிரோடு இருந்தவரை நம்மைத் தொட மறுத்தார்கள். செத்தபின் அறுக்கக் கொடுப்பதா?" அவன் சினம் நியாயமானது. "கேட்பாரின்றி எடுத்துக்கொள்ளப்படுவது வேறு, நாமே மனமுவந்து கொடுப்பது வேறு. கொடுப்பவன் கை எப்போதும் மேலேதான் இருக்கும்" என்றோம். அவன் இன்னும் இசையவில்லை. ஆயினும் சாட்சிக் கையொப்பம் இட்டது அவனே.

ஜோதிபாசு அவர்களின் உடல் 2010இலும், சீதாராம் யெச்சூரி அவர்களின் உடல் 2024இலும் மருத்துவக் கல்விக்கே அளிக்கப்பட்டன. ஆகவே இது ஏழையின் கடமை மட்டுமன்று. நம் தெருவிலிருந்து மட்டுமே உடல்கள் செல்லுமாயின் அது பழைய கதையே. எல்லாத் தெருவினரும் தர வேண்டும்.

விரும்புவோர் சிலவற்றை நினைவிற் கொள்க. கையொப்பம் மட்டும் போதாது. இறந்தபின் உறவினர் முன்வந்து காலந்தாழ்த்தாது உடலை ஒப்படைக்க வேண்டும். ஆதலால் வீட்டாரிடம் இன்றே பேசுக. பிணப் பரிசோதனை செய்த உடலையும், கொடிய தொற்றுநோயால் இறந்தவர் உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண்களை முதலில் தானம் செய்துவிட்டு உடலையும் தரலாம்.

எல்லாரும் கொடுத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்த வரவில்லை. சுடுகாட்டுப் பாதைக்காக நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த உரிமையை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. நாற்பது மாணவர் சூழ்ந்து நின்று பாடம் கேட்கும் மேசைக்கு மட்டும் தெருவுக்கொரு பாதை கிடையாது. முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்றோம். இறந்தபின்னும் ஓராண்டு பாடம் நடத்தக் கிடைக்குமெனில் ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

வாழ்க கல்வி!