ஒற்றெழுத்துக்கு அஞ்சிய அரசு



ஓர் அரசு படைக்கு அஞ்சலாம், பஞ்சத்திற்கு அஞ்சலாம். ஓர் ஒற்றெழுத்துக்கு அஞ்சுமா? மேலை ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் அஞ்சியது. அஞ்சவைத்தவர் சேக்கு அந்தா தியோப்பு.

1923-இல் சிற்றூர் ஒன்றிற் பிறந்த அவர், 1946-இல் பாரிசு சென்று அறிவியலும் வரலாறும் பயின்றார். பழம் எகிபதியரின் நாகரிகம் கருப்பின மாந்தரின் ஆக்கமே என 1954-இல் நூலெழுதினார். தாய்மொழியில் அறிவியல் வாராது என்பார்க்கு விடையாக, ஐன்சுட்டைனின் சார்பியல் கொள்கைச் சுருக்கத்தை அந்நூலிலேயே உவோலோபு மொழியிற் பெயர்த்துக் காட்டினார்.

1960-இல் செனகல் விடுதலை பெற்றது. முனைவர் பட்டத்துடன் தியோப்பும் தாயகம் திரும்பினார். ஆனால் ஆட்சிமொழி பிரெஞ்சே. குடியரசுத் தலைவர் செங்கோரோ பிரெஞ்சு மொழிப் பாவலர். தியோப்பு 1961-இல் எதிர்க்கட்சி கண்டார். 1962-இல் சிறை புகுந்தார். அமைச்சுப் பொறுப்புகள் தர ஆட்சி முன்வந்தது. கொள்கையில் உடன்பாடு காணாமல் அவற்றை ஏற்க அவர் இசைந்தாரல்லர். அக்கட்சி தடை செய்யப்பட்டது. அடுத்துக் கண்ட கட்சிக்கும் 1964-இல் அதே முடிவு.

அவர் ஓய்ந்தாரா? தக்கார் நகரில் தாம் நிறுவிய கரிம ஆய்வகத்தில் தொல்பொருள்களின் அகவையை அளந்துகொண்டே காலம் பார்த்திருந்தார். 1976-இல் மீண்டும் கட்சி தொடங்கினார். அவ்வாண்டிலேயே, நாட்டில் மூன்றே கட்சிகள், அவற்றின் கொள்கைகளும் இவையே என அரசு வரையறுத்தது. தியோப்பின் கட்சிக்கு அதில் இடமில்லை.

அக்கட்சியின் தாளிகைக்குப் பெயர் 'சிக்கி'. உவோலோபில் 'தலைநிமிர்' என்பது பொருள். அதில் ககரம் இரட்டித்தல் பிழை என்றார் செங்கோர். எழுத்துமுறைக்குச் சட்டம் வந்தது. பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. தியோப்பு பணிந்து ஒற்றைக் குறைத்தாரல்லர்; 'எழுந்து நில்' எனப் பொருள்படும் 'தகாவ்' என்று வேறு பெயரிட்டார்!

உண்மையில் அரசு அஞ்சியது ஒற்றுக்கன்று. பெரும்பாலோர் பேசும் மொழியில் அரசியல் எழுதப்பட்டால், பிரெஞ்சறிந்த சிலரிடம் மக்கள் கணக்குக் கேட்பர். அந்தக் கேள்விக்கே அஞ்சியது.

செங்கோர் விலகியபின், 1981-இல்தான் கட்சி ஒப்புதல் பெற்றது; பேராசிரியர் பணியும் அப்போதுதான் தியோப்புக்குக் கிட்டியது. 1983 தேர்தலில் கட்சிக்கு ஓரிடம் வந்தது. தேர்தல் முறைகேடானது என்று கூறி, நாடாளுமன்ற இருக்கையில் அமர மறுத்தார். அதே 1983-இல் செங்கோர் பிரெஞ்சுக் கல்விக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருவர் அயன்மொழியின் அரியணை ஏறினார்; மற்றவர் தம் மக்கள் முன் வெறுங்கையராய் நிமிர்ந்து நின்றார்.

1986-இல் தியோப்பு மறைந்தார். 1987-இல் தக்கார்ப் பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. வாயிலில் அவர் பெயர். உள்ளே பயிற்றுமொழி இன்றும் பிரெஞ்சு!

பெயர் சூட்டல் எளிது, அவையோரே. அப்பெயருக்குரியவர் சொன்னதைச் செய்தலே அரிது.