பசியைத் தள்ளிப்போடாதீர்கள்



பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் "இந்தச் சாண் முடியட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்ற பேச்சு புதிதல்ல. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவருக்கும் வேலை நின்றுவிடும். ஆகவே பசித்தால் ஒரு டம்ளர் டீ. மறுபடி பசித்தால் இன்னொரு டீ. இரவில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சியதை வைத்துக்கொண்டு வீட்டு அம்மாள் உட்காருகிறார். வயிறு நிறைந்தும் கை நிற்பதில்லை. "எனக்கு நாக்கு அடங்கலையே" என்று வெட்கம் வருகிறது. மறுநாள் காலைப் பலகாரத்தை விட்டுவிடுகிறார். இரவில் மீண்டும் அதே கதை.

தாய்மார்களே, இது நாக்கின் குற்றமல்ல. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைவாகவே இருந்தது. எரிச்சலும் மனச்சோர்வும் கண்டன. பிறகு வயிறார உணவு கிடைத்தபோது சிலரால் அளவோடு நிறுத்த முடியவில்லை. பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

1. பசியை டீ, காப்பி, வெற்றிலையால் சமாளிப்பது.
2. பிறர் காணாமல், வேகமாக, நிறுத்த முடியாமல் சாப்பிட்டுப் பின்பு வெட்கப்படுவது.
3. பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக்குச்சி தின்ன ஆசை. இது பல சமயம் இரத்தசோகையின் அறிகுறி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது.
4. எடை கூடும் என்ற பயத்தில் வளரும் பெண் சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி எடுப்பது, மாதவிலக்கு நின்றுபோவது.

செய்ய வேண்டியது என்ன?

மூன்று வேளை உணவும், இடையில் சுண்டலோ கேழ்வரகுக் கூழோ கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிட வேண்டாம். தறி நிற்க ஒரு நேரம் குறித்து, இருவரும் சேர்ந்தே எழுந்திருங்கள். டீ, உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரவு அதிகமாகச் சாப்பிட்டுவிட்டாலும் மறுநாள் காலைப் பலகாரத்தை விடாதீர்கள். இதுதான் முக்கியம். காலையில் வயிறு நிறைந்தால் இரவு ஆவேசம் தானாகக் குறையும்.

வீட்டார் "எவ்வளவு திங்கறே!" என்று ஏசக் கூடாது. அறுந்த இழையைப் பிடித்து இழுத்தால் பக்கத்து இழையும் அறும். நிதானமாக முடிச்சுப் போட வேண்டும். "வாம்மா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று கூப்பிடுங்கள்.

மூன்றாவது, நான்காவது அடையாளங்கள் கண்டால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். மனக்கஷ்டம் இருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

இன்று இரவு, வீட்டு அம்மாளுக்கும் சேர்த்தே இலை போடுங்கள்.