88 ரூபாய்க் கணக்கு
(வட்டக் கோரிக்கை மாநாட்டில் செயலாளர் பேசியதிலிருந்து)



தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை உங்களுக்குத் தெரியும். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீசு, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை இடித்து, ஆடு கோழிகளை அறுத்துத் தின்று, மிச்சத்தைக் குடிதண்ணீர்க் கிணற்றில் போட்டார்கள். அப்புறம் பாதிக்கப்பட்ட ஜனங்கள் மேலேயே கேசு! கைக்குழந்தையோடு சேலம் சிறை.

ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடவில்லை. தோழர் நல்லசிவன் உச்ச நீதிமன்றம் போனார். 1995-ல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள்னு தீர்ப்புச் சொன்னது. மீதி 54 பேர் அதற்குள் செத்தே போயிட்டாங்க. வழக்கு அப்படி நடந்தது.

அப்பீலில் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரிலேயே வந்து பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செய்து, 18 பேருக்கும் தலா 10 லட்சம் கொடுக்கணும், அதில் 5 லட்சத்தை வன்கொடுமை செய்தவர்களிடமே வசூலிக்கணும், வேலையோ சுயதொழிலோ தரணும், ஊர் வாழ்வாதாரத்தை உயர்த்தணும் என்றார். இறந்துபோன பெண்களின் குடும்பத்துக்கும் அந்தத் தொகை உண்டு.

வரவேற்கிறோம். ஆனா ஒரு கணக்குப் போடுங்க. 31 வருசத்துக்கு 10 லட்சம்னா நாளைக்கு 88 ரூபாய். அந்த 2023-ல் நூறு நாள் வேலைக்கே கூலி 294 ரூபாய்! நம்ம நிலத்தை ரோட்டுக்கு எடுத்துப் பணம் தாமதமானா வட்டி கேக்கிறோமில்ல? இவங்களுக்கு வட்டி எங்கே? 10 லட்சம் 18 பேருக்கு மட்டும். வீடும் தானியமும் ஆடு மாடும் இழந்த மற்ற குடும்பத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று அந்தத் தீர்ப்பில் தொகை இல்லை. வாழ்வாதாரம் என்ற ஒரு வார்த்தையில் அதை அரசு அடக்கிவிடக் கூடாது. நட்டத்தை வீடுவாரியாகக் கணக்கெடுத்துக் கொடு என்பதே நம் கோரிக்கை.

இன்னொன்றும் சொல்லணும். அபராதம் வேறு, இழப்பீடு வேறு. அபராதம் சர்க்காருக்குப் போகிற பணம். கோர்ட்டு தனியா உத்தரவு போட்டால்தான் அது பாதிக்கப்பட்டவர் கைக்கு வரும். 2009-லிருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357-ஏ பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அது 396. குற்றவாளி யாருன்னே தெரியாவிட்டாலும், வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணமில்லைன்னு யாரும் வீட்டில் உட்காராதீங்க, பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் அங்கே இலவச வக்கீல் உண்டு. முதல் தகவல் அறிக்கை நகலை ஸ்டேஷனில் காசில்லாமக் கொடுக்கணும், கேட்டு வாங்குங்க. அதையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துக்கிட்டு சங்க ஆபீசுக்கு வாங்க, மனு எழுதித் தர்றோம்.