தோள் இறங்கி எலும்பும் உடைந்தால்: காரைக்குடிக் கருத்தரங்கத் தலைமை உரை



தோள் இறங்கி, கூடவே எலும்பும் உடைந்தவர்களுக்குச் சிறுதுளை வழியே செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். அதற்குக் காரைக்குடி பொருத்தமான ஊர்தான். தை பிறந்தால் சிராவயல் பொட்டலிலும் கண்டிப்பட்டியிலும் மஞ்சுவிரட்டு. மாசி மகத்துக்கு அரளிப்பாறை. திமிலை அணைத்த இளைஞரின் கை விரிந்திருக்கும்போதே காளை பாய்ந்தால், கை பின்பக்கமாக முறுக்கப்பட்டு, மேற்கை எலும்பின் தலை குழியை விட்டு முன்னால் நழுவுகிறது. நழுவும்போது குழியின் விளிம்பைப் பெயர்க்கும். தலையின் பின்புறத்தில் பள்ளமும் விழும். விளிம்புக் காயம் 1923இல் அதைப் பற்றி எழுதிய பேங்கார்ட்டின் பெயரால் வழங்குகிறது. பள்ளத்தை 1940இல் ஹில், சாக்ஸ் இருவரும் விளக்கினார்கள்.

நம்மிடம் வரும் இன்னொருவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கப் பெரிய வீட்டில் தனியாக வாழும் ஆச்சி. மழை நாளில் முற்றத்து ஓரம் ஆத்தங்குடித் தளம் வழுக்கிவிடும். விழுந்த வேகத்தில் தோளும் இறங்கும், மேற்கை எலும்பின் பெரிய புடைப்பும் உடையும்.

இருவருக்கும் ஒரே வைத்தியம் இல்லை. இளைஞருக்கு, பெயர்ந்த விளிம்புத் துண்டு ஓரளவு பெரிதாக இருந்தால் ஆர்த்ராஸ்கோப் என்னும் மூட்டு உள்நோக்கி வழியே நூல் கோத்த ஆங்கர்களால் அதை இருந்த இடத்திலேயே பிடித்து வைக்கலாம். முன்பக்கத் தசையை அறுத்துத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் குழியின் எலும்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் ஆங்கர் மட்டும் தாங்காது. லாடார்ஜே 1954இல் சொன்ன எலும்பு மாற்று முறைக்குத்தான் போக வேண்டும். அது திறந்த அறுவையானாலும் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆச்சிக்கோ, தோளை ஏற்றியதும் உடைந்த புடைப்பு பெரும்பாலும் தானாகவே இடத்துக்கு வந்துவிடும். விலகல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கைத்தூளியும் பயிற்சியுமே போதும். கருவி கையில் இருக்கிறதே என்று துளை போடுவதை நான் ஏற்கமாட்டேன். அதைவிட, தனியாக இருக்கும் அவரைப் பயிற்சிக்கு யார் அழைத்து வருவார்கள் என்று முதல் நாளே கேட்பது பயன்படும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்கெல்லாம் முந்திய முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி. கை இறங்கிவிட்டது என்றதும் பொட்டலிலேயே யாராவது பிடித்து இழுக்கிறார்கள். இல்லாவிட்டால் கட்டுப் போடுபவரிடம் கூட்டிப்போகிறார்கள். அவசரத்தில் நம்மவர்களும் இழுப்பதுண்டு. மேற்கை எலும்பின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அந்த இழுப்பில் தலை தனியாகப் பிரிந்துவிடும். எளிதாக முடிய வேண்டிய காயம் பெரிய திறந்த அறுவையாகிவிடும். வயதானவர்களுக்குச் சில சமயம் மூட்டு மாற்று வரைகூடப் போகும். அதன் பிறகு எந்தச் சிறுதுளைத் திறமையும் கைகொடுக்காது. எக்ஸ்ரேயும் ஒரே கோணத்தில் போதாது. வலிப்பிலும் மின்சாரம் தாக்கியும் பின்பக்கமாக இறங்கும் தோள், நேர்ப்படத்தில் தப்பிவிடும். இழுப்பதற்கு முன் தோளின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். அக்குள் நரம்பு அடிபட்டது விபத்தினாலா, நம் கையினாலா என்ற கேள்விக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

சிறுதுளைக் கருவியைப் பொறுத்தவரை, வதனபே டோக்கியோவில் 1950களின் இறுதியில் பயன்பாட்டுக்கு உகந்த ஆர்த்ராஸ்கோப்பைச் செய்து தந்தார். முழங்காலுக்கென்று வந்த கருவி இன்று தோளுக்குள்ளும் போகிறது. அதைக் கையாளும் விதம் பற்றி இங்கே பேசப்போகிறவர்கள் என்னைவிடத் தேர்ந்தவர்கள். அவர்கள் நேரத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். கருத்தரங்கம் முடிவதற்குள், தோள் இறங்கியவரைக் கண்டால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி முடிப்போம். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மஞ்சுவிரட்டு விழாக் குழுக்களுக்கும் கட்டுப் போடுபவர்களுக்கும் அது அடுத்த தைக்கு முன் போய்ச் சேர வேண்டும்.