கந்தக பூமியில் ஒரு பெட்ரோல் ஜீப்

பழைய ஜீப் எபிசோடு போட்டதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "தாத்தா காலத்து வண்டி ஷெட்ல கிடக்கு, எதுல இருந்து ஆரம்பிக்கிறது?" நிறைய பேர் வின்ச்சும் பெரிய டயரும் வாங்கிட்டுதான் இந்தக் கேள்வியையே கேக்குறாங்க. அதனால இன்னைக்கு எங்க வீட்டு வண்டியை வெச்சே பேசிடுறேன்.

எங்க ஊரு விஸ்வநத்தம், சிவகாசிக்குப் பக்கம். சுத்தி பட்டாசு ஆலைகள், நடுநடுவே கரிசல் காடு. வண்டி, மகிந்திராவோட பெட்ரோல் சிஜே 3பி. மகிந்திரா 1940-கள்லயே வில்லிஸ் ஜீப்பை இங்க கொண்டுவந்து பூட்ட ஆரம்பிச்சவங்க. இந்த மாடலோட பானெட் மட்டும் ஏன் இவ்வளவு உயரம்னு கேப்பாங்க. உள்ள இருக்குற 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின் அவ்வளவு உயரம், அது அடங்கணும்ல. நம்ம பக்கம் இந்த ஜீப்புகள்ல பாதிக்கு எப்பவோ டீசல் எஞ்சின் மாத்திட்டாங்க. எங்க சித்தப்பா மாத்தவே இல்ல. பிடிவாதம்தான், வேற காரணம் கிடையாது.

முதல்ல இக்னிஷன். ஏன்னா, ஸ்பார்க் பலவீனமா இருந்தா எரியாத பெட்ரோல் அப்படியே சூடான சைலன்சருக்குள்ள போகும். அங்க பத்திக்கிட்டு "டப்"புன்னு வெடிக்கும், சில நேரம் வெளிய தீயும் வரும். சென்னையில அது நடந்தா பக்கத்து வண்டிக்காரர் திட்டுவார், அவ்வளவுதான். எங்க ஊர்ல பட்டாசு ஆலை வாசல்ல தீப்பெட்டியை வாங்கி வெச்சுட்டுதான் உள்ளயே விடுவாங்க. அந்த வேலி ஓரமா ஒரு நாள் எங்க ஜீப் வெடிச்சுது. வாட்ச்மேன் அண்ணன் ஓடிவந்து, "தம்பி, இதைச் சரிபண்ற வரைக்கும் இந்த ரோட்டுப் பக்கமே வராத"ன்னார். கோவப்படலை, பயந்துட்டார். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

பிரச்சனை பாயிண்ட் செட்ல இருந்துச்சு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற இந்த ரெண்டு முனையும் திறந்து மூடுறப்பதான் காயில்ல இருந்து ஸ்பார்க் வரும். இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கணும். தேயத் தேய அது மாறும், டைமிங்கும் கூடவே மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டோட புஷ் தேய்ஞ்சு ஆட்டம் வந்திருந்தா, நீங்க எத்தனை தடவை கேஜ் வெச்சு சரிபண்ணாலும் நிக்காது. நான் பாயிண்ட்டை எடுத்துட்டு காந்த சென்சார் மாட்யூல் போட்டேன். அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளயே உட்காந்துடும், வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. வாங்குறதுக்கு முன்னாடி வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டான்னு பாருங்க. காயில் மாட்யூலுக்குப் பொருந்துதா, நடுவுல ரெசிஸ்டர் இருக்கான்னும் பாருங்க. புது பிளக் வயர் போடுங்க. இருட்டுல பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்க, பழைய வயர்ல கரண்ட் கசிஞ்சா நீலமா மின்னுறது கண்ணுக்கே தெரியும்.

கழட்டுன பாயிண்ட்டையும் கண்டென்சரையும் தூக்கிப் போட்டுடாதீங்க. மாட்யூல் சொல்லாம கொள்ளாம செத்துப்போகும். பாயிண்ட் மெதுவாதான் சாகும், நடுக்காட்டுலயும் உப்புத்தாள் வெச்சுத் தேச்சு வீடு வந்து சேந்துடலாம்.

அடுத்தது பெட்ரோல். இந்த ஜீப்ல டேங்க் எங்க இருக்கு தெரியுமா? டிரைவர் சீட்டுக்கு அடியில. பெட்ரோல் மேலதான் உக்காந்து ஓட்டுறோம். "பழைய வண்டின்னா வாசம் வரத்தான் செய்யும்"னு ஒரு மெக்கானிக் எங்ககிட்ட சொன்னார். அப்படியெல்லாம் கிடையாதுங்க. வாசம் வந்தா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம்.

இப்ப பங்க்ல போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாபிரமும் அதுக்காகச் செஞ்சது இல்ல. ஊறிப்போகும், இல்லன்னா வெடிச்சுடும். எத்தனால் தண்ணியையும் இழுக்கும். மாசக்கணக்கா நிக்கிற வண்டின்னா இரும்பு டேங்க் உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கும். அதனால டேங்க்கைக் கழட்டிக் கழுவுங்க. எத்தனால் தாங்குற ஹோஸ் போடுங்க. டயாபிரம், ஃபில்டர் எல்லாத்தையும் மாத்துங்க. மொத்தமும் வின்ச் விலையில ஒரு துளிதான்.

சித்திரை வெயில்ல இன்னொரு தொல்லை. எஞ்சின் சூட்டுல பைப்புக்குள்ள இருக்குற பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்னுடும். அதுக்கு எலக்ட்ரிக் பம்ப் நல்ல வழி. டேங்க் பக்கத்துல வெச்சா அது தள்ளும், எஞ்சின்கிட்ட இருந்து இழுக்க வேண்டியதில்ல. ஆனா கார்பரேட்டருக்கு 3, 4 பிஎஸ்ஐ அழுத்தமே போதும். இஞ்செக்ஷன் வண்டிப் பம்ப்பைக் கொண்டுவந்து மாட்டினா ஊசி வால்வு தாங்காது, கார்பரேட்டர் வழிஞ்சு சூடான எஞ்சின் மேல ஊத்தும். எஞ்சின் நின்னா பம்ப்பும் நிக்கிற மாதிரி ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியா கனெக்ஷன் குடுங்க. இல்லன்னா வண்டி கவுந்து கிடக்கும், பம்ப் மட்டும் ஓடிட்டே இருக்கும். ஏர் கிளீனரைக் கழட்டிட்டு ஓட்டுறதும் வேணாம். கார்பரேட்டர் வழியா தீ திரும்பி வந்தா அதுதான் தடுப்பு.

இப்பதான் ரெக்கவரி. ஐப்பசி மழை ரெண்டு நாள் பெஞ்சா எங்க கரிசல் மண்ணு பசை மாதிரி. டயர் பட்டன்ல அப்பிக்கிட்டு வழவழன்னு ஆயிடும், ஃபோர் வீல் போட்டாலும் நாலும் சும்மா சுத்தும். மாட்டிக்கிட்டா ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க, இன்னும் இறங்கும். மம்பட்டியால டயருக்கு முன்னாடி வெட்டி எடுங்க, டயர்ல காத்தை 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்குங்க, அடியில டிராக்ஷன் போர்டைச் சொருகுங்க. நான் ஒரு தடவை அவசரத்துல சீமைக்கருவேலங் கிளையை வெட்டிப் போட்டேன். வண்டி வெளிய வந்துடுச்சு. ரெண்டு டயர் பஞ்சர்.

வின்ச்சைப் பத்தி: முழு பாரம் இழுக்கும்போது அது 300, 400 ஆம்பியர் கேக்கும். பழைய டைனமோ அதுல பத்துல ஒரு பங்கு குடுத்தாலே பெருசு. ஆல்டர்னேட்டர், நல்ல பேட்டரி இல்லாம வின்ச் வெறும் அலங்காரம்தான். கூட இன்னொரு வண்டி வரும்னா கைனெடிக் கயிறு போதும், நைலான், ரப்பர் மாதிரி நீண்டு இழுக்கும். அதை சேஸ்ல போல்ட் பண்ணுன கொக்கியில மட்டும் மாட்டுங்க. பம்பர்லயோ டிரெய்லர் இழுக்குற குண்டுலயோ மாட்டினா அது பிச்சுக்கிட்டு குண்டு மாதிரியே பறக்கும். வெளிநாட்டுல அதுல உயிரே போயிருக்கு. இழுக்கும்போது கயிறு நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்க, வேடிக்கை பாக்குற பசங்களையும் தள்ளி நிறுத்துங்க.

வேலை முடிஞ்ச மறுநாள் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட வண்டியை எடுத்துட்டுப் போனேன். வேலிக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்திட்டு, எஞ்சினை ஓடவிட்டு சைலன்சரைக் காட்டினேன். பத்து நிமிஷம் கேட்டுக்கிட்டே நின்னார். "சரி, ரோட்டுல போய்க்கோ. ஆனா கேட்டுக்கு உள்ள வண்டி வராது"ன்னார். இப்பவும் அதை வெளியிலதான் நிறுத்துறேன்.